காணிக்கைக்கு முன் கணக்கு

நம் கையாலேயே அவருக்குச் சால்வை போர்த்தினோம். பள்ளி ஆண்டு விழா. பந்தல் நிறையப் பெற்றோர். மேடை நிறையப் பெரியோர். புதுக்கோட்டைக் கடைவீதியில் பெரிய துணிக்கடை நடத்துபவர் அவர். நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பம். ஊராருக்கெல்லாம் அவர் 'அண்ணாச்சி'. பற்றுமிக்க கிறித்துவர். வருவாயில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகம் என்று ஒதுக்கித் திருச்சபைக்குத் தருபவர். கிறித்துமஸ் வந்தால், கடையில் பணிபுரியும் பெண்கள் நாற்பது பேருக்கும், எம்மதத்தவர் என்று பாராமல், ஆளுக்கொரு சேலையும் ஐந்து கிலோ அரிசியும் அளிப்பவர். நம் பள்ளிப் பிள்ளைகள் இருநூறு பேருக்குக் குறிப்பேடுகள் வேண்டும் என்று நாம் போய்க் கேட்டபோது, "எத்தனை கட்டு வேணும் சார்?" என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்காதவர். அத்தகையவருக்குச் சால்வை போர்த்துவதில் தயக்கம் ஏன்? மகிழ்ந்து போர்த்தினோம், புகழ்ந்தும் பேசினோம்.

விழா முடிந்த மறுவாரம், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாட்களாக வரவில்லை. நான்காம் நாள் தாய் அழைத்து வந்தார். காய்ச்சலாம். தாய் அந்தத் துணிக்கடையில்தான் வேலை செய்கிறார். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னவை நம் நெஞ்சை அறுத்தன. காலை ஒன்பதரை மணிக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். உட்கார ஒரு முக்காலி கிடையாது. சுவரில் சாய்ந்தால் காமிராவில் தெரிந்துவிடும். மகளுக்காக எடுத்த மூன்று நாள் விடுப்புக்கு மூன்று நாள் ஊதியம் போயிற்று. மாதம் தவறாமல் வருவோர்க்குத் தரும் ஊக்கத்தொகையும் சேர்ந்து போயிற்று. இவ்வளவையும் குறையாகச் சொல்லவில்லை அந்த அம்மையார். மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அண்ணாச்சி தங்கமானவர் சார். கிறிஸ்மசுக்கு எடுத்துக் கொடுத்த சேலைதான் இது" என்று, கட்டியிருந்த சேலையின் முந்தானையை நமக்குக் காட்டினார்.

அந்தப் பெண்ணின் பையிலிருந்து எட்டிப் பார்த்தது ஒரு குறிப்பேடு. அதுவும் அண்ணாச்சி தந்ததுதான்!

தோழர்களே! அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அண்ணாச்சி கெட்டவர் என்று நாம் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தனவே, அப்போது அவர் கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் தார்ப்பாய் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே கண்டது. யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல்கூட அவரிடம் இல்லை. அது கொடை, ஐயமற்ற, தூய கொடை. அந்தக் கை கொடுத்த தார்ப்பாயையும் அதே கை கொடுத்த சேலையையும் ஒரே பெயரால் அழைக்கலாமா? நம்மை உறங்கவிடாத கேள்வி அதுதான்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தோம். வாத்தியார் அல்லவா, கணக்குத்தான் வரும். கடையில் பெண்கள் நாற்பது பேர். ஆளுக்கு மாதம் ஒரு நாள் ஊதியம் பிடிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் நாற்பது நாள். ஆண்டுக்கு 480 நாள். 480 நாள் உழைப்பின் ஊதியத்தில் நாற்பது சேலையும் இருநூறு கிலோ அரிசியும் வாங்க முடியாதா? வாங்கிய பின்னும் மீதி நிற்காதா? அப்படியானால், டிசம்பர் மாதம் அந்த அம்மையார் பெற்றுக்கொண்டு கும்பிட்ட சேலை யாருடைய சேலை?

அண்ணாச்சி திட்டமிட்டு இப்படிச் செய்கிறார் என்று நாம் கூறவில்லை. பிடித்தம் ஓர் ஏட்டில் இருக்கிறது. காணிக்கை வேறோர் ஏட்டில் இருக்கிறது. இரண்டு ஏடுகளையும் அருகருகே விரித்து வைத்து அவர் பார்த்ததே இல்லை. பெரும்பாலோர் பார்ப்பதில்லை. கொடிய மனம் செய்யும் தீங்கைவிட, கூட்டிப் பார்க்காத மனம் செய்யும் தீங்கு உலகில் அதிகம்.

'பகுத்தறிவு பேசுவோருக்குக் கிறித்துவரைக் குறைகூற ஒரு வாய்ப்புக் கிடைத்துவிட்டது' என்று யாரும் கருத வேண்டாம். அவர்களை அவர்களுடைய நூலைக் கொண்டே அளந்து பார்ப்போம், அதுதான் முறை. விவிலியத்தில் காணிக்கை பற்றிப் பேசும் இடங்கள் பல. தசமபாகம் பற்றிய பகுதி கோயில்தோறும் ஒலிக்கிறது. ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையும் ஒலிக்கிறது. ஆனால் வேறு சில பகுதிகளும் அதே நூலில் இருக்கின்றன. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன், தன்மேல் குறையுள்ள சகோதரன் ஒருவன் இருப்பதை நினைத்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகி வரவேண்டும் என்பது மலைப்பிரசங்கத்தின் அறிவுரை. வயலில் அறுவடை செய்தவனுக்குத் தராமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று செல்வரை நோக்கி முழங்குகிறது யாக்கோபின் நிருபம்.

எல்லாவற்றிலும் தெளிவானது சகேயுவின் கதை. வரி தண்டும் ஆயக்காரர் தலைவன், பெரும் பணக்காரன், ஊரால் வெறுக்கப்பட்டவன். இயேசு அவன் வீட்டுக்கு வந்தபோது அவன் இரண்டு செய்திகளை அறிவிக்கிறான். தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவது ஒன்று. எவரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருவது மற்றொன்று. கவனியுங்கள்: பாதியைக் கொடுத்துவிட்டேன், ஆகவே பழைய கணக்குத் தீர்ந்தது என்று அவன் கூறவில்லை. கொடைக்கு ஒரு கணக்கு. கடனுக்குத் தனிக் கணக்கு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடைக்க அவன் முயலவில்லை. இக்காலத்துக் கொடையாளர் பலருக்கு விளங்காத இந்தக் கணக்கு, ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கதையில் வரும் ஆயக்காரனுக்கு விளங்கியிருக்கிறது!

பதினெட்டாம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் ஜான் வெஸ்லி. பணத்தைப் பயன்படுத்துவது பற்றி அவர் ஒரு சொற்பொழிவை 1760-இல் வெளியிட்டார். இயன்றவரை ஈட்டு, இயன்றவரை சேமி, இயன்றவரை கொடு என்ற அவரது மூன்று அறிவுரைகளும் கிறித்துவ வணிகரிடையே பெரும் புகழ்பெற்றவை. அவரும் சொன்னபடி வாழ்ந்தவர். வருவாய் உயர்ந்தபோதும் தம் செலவை ஆண்டுக்கு 28 பவுண்டு என்ற பழைய அளவிலேயே நிறுத்தி, மிஞ்சியதை வழங்கியவர் என்பர். ஆனால், 'இயன்றவரை ஈட்டு' என்பதற்கு அவர் போட்ட வேலிகளைப் புகழ்வோர் மறந்துவிடுகின்றனர். உன் உடலைக் கெடுத்து ஈட்டாதே. அயலான் உடலைக் கெடுத்து ஈட்டாதே. அவன் உடைமையை விழுங்கி ஈட்டாதே என்பவை அந்த வேலிகள். வேலியைப் பிடுங்கிவிட்டு வயலை மட்டும் வைத்துக்கொண்டனர் பின்வந்தோர். பன்னிரண்டு மணி நேரம் நின்று வீங்கும் கால் அயலான் உடலைச் சேர்ந்ததா, அல்லவா?

நம்பிக்கையும் வணிகமும் கலந்த கதை நமக்குத் தொலைவில் இல்லை. தலைக்கு மேலேயே இருக்கிறது. நம் பள்ளியின் பழைய கட்டடத்துக்கு மங்களூர் ஓடு வேய்ந்திருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றுக்கும் அதே ஓடுதான். அந்த ஓட்டுத் தொழிலைத் தொடங்கியவர்கள் யார்? மதம் பரப்ப வந்த பாசல் மிஷன் பாதிரிமார்! சுவிட்சர்லாந்தின் பாசல் நகரச் சபையினர் 1834-இல் மங்களூரில் வந்து இறங்கினர். மதம் மாறியவர்களைச் சாதி தள்ளி வைத்தது. பழைய பிழைப்புப் பறிபோயிற்று. கள்ளிறக்கி வாழ்ந்தவர்களோ, சபை அத்தொழிலை ஏற்காததால் அதையும் விட்டனர். ஞானஸ்நானம் வயிற்றை நிரப்பாது அல்லவா? எனவே பாதிரிமார் நெசவாலை தொடங்கினர். காக்கி நிறத் துணி அங்கே ஹாலர் என்பவர் கைவண்ணத்தில் உருவானது என்பர். 1865-இல் பிளெப்ஸ்ட் என்பவர் மங்களூரை அடுத்த ஜெப்புவில் ஓட்டாலை தொடங்கினார். அந்த ஓடு தென்னாடு முழுதும் பரவியது; வணிகத்தின் இலாபம் மறைப்பணிக்குத் துணைநின்றது.

இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பிச்சை போடாமல் வேலை கொடுத்தார்கள். சாதி பறித்த சோற்றை, சேறு பிசைந்து சம்பாதிக்க வழி செய்தார்கள். கைம்முதல் இல்லாதவனுக்குக் கைத்தொழில் தருவது, கை நீட்டியவனுக்குக் காசு தருவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இங்கேயும் ஒரு முள் இருந்தது. ஞாயிறன்று மேடையில் நின்று போதிக்கும் சபையே திங்களன்று ஆலையில் கூலி கொடுக்கும் முதலாளியாகவும் இருந்தால், அந்தத் தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவான்? முதலாளியின் குற்றத்தைச் சபையிடம் சொல்லலாம் என்றால் சபையே முதலாளி! கொடுக்கும் கை எவ்வளவு நல்லதாயினும், எல்லாம் அந்த ஒரே கையில் இருந்தால், பெறுபவன் நிமிர்ந்து நிற்பது அரிது. முதல் உலகப் போரையொட்டி ஆங்கில அரசு அந்த ஆலைகளை எடுத்துக்கொண்டது. அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. 1930களில் மலபாரின் ஓட்டுத் தொழிலாளரும் நெசவாலைத் தொழிலாளரும் சங்கம் கட்டினர்; வேலைநிறுத்தம் செய்தனர். நல்ல முதலாளி வேண்டும் என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பேசும் உரிமை வேண்டும் என்றனர்.

கடல் கடந்த கதை ஒன்றும் உண்டு. அது இன்னும் கூர்மையானது. நம் பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் கேட்பரி மிட்டாய், குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவினரின் நிறுவனத்தில் பிறந்தது. எளிமையும் நேர்மையும் அமைதியும் அவர்களின் கொள்கை. தொழிற்சாலையை நகரத்துப் புகையிலிருந்து அகற்றி, 1879-இல் பர்மிங்காமுக்கு வெளியே போர்ன்வில் என்னும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் ஜார்ஜ் கேட்பரி தோட்டத்தோடு கூடிய வீடுகள் கொண்ட ஒரு சிற்றூரையே அங்கே எழுப்பி, 1900-இல் அதை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். உலகமே வியந்தது. வியக்கத்தக்கதுதான்.

ஆனால் கொக்கோக் கொட்டை எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவின் மேற்கே, போர்ச்சுக்கீசியர் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து பெரும்பங்கு வந்தது. அங்கே தோட்ட வேலைக்கு அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர், பெயரளவில் ஒப்பந்தக் கூலிகள், உண்மையில் அடிமைகள். 1901-ஆம் ஆண்டே வில்லியம் கேட்பரியின் காதுக்குச் செய்தி எட்டியது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், அரசுக்கு எழுதினார்கள், உறுதிமொழி கேட்டார்கள். கொட்டை வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. 1909-இல்தான் நிறுத்தினார்கள். இடையில் எட்டு ஆண்டுகள்! 1908-இல் 'ஸ்டாண்டர்டு' என்னும் நாளேடு இதை எடுத்துச் சாடியபோது, கேட்பரி நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909 டிசம்பரில் தீர்ப்பு: கேட்பரிக்கே வெற்றி. நட்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு பார்திங்! பென்னியில் நாலில் ஒரு பங்கு! உங்கள் பெயர் கெட்டது உண்மைதான், ஆனால் அதன் விலை இவ்வளவே என்று ஜூரிகள் சொல்லாமல் சொல்லிவிட்டனர்.

போர்ன்வில் தொழிலாளியின் வீட்டுத் தோட்டத்தில் ரோஜா மலர்ந்தது பொய்யா? பொய்யில்லை. சாவோ தோமேயில் கசை சுழன்றது பொய்யா? அதுவும் பொய்யில்லை. கண்ணுக்கெதிரே இருப்பவனிடம் கருணை, கணக்கேட்டில் மட்டும் இருப்பவனிடம் கல்நெஞ்சம்! நல்லவர்களுக்கு நேரும் நோய் இது. நம் அண்ணாச்சிக்கோ நோய் இன்னும் விந்தையானது. அவரது சாவோ தோமே, அவர் கடையின் முதல் மாடியிலேயே இருக்கிறது.

இனி நம் நூலுக்கு வருவோம். திருக்குறளில் இருபத்து மூன்றாம் அதிகாரம் ஈகை. அதற்கு முந்திய இருபத்திரண்டாம் அதிகாரம் எது? ஒப்புரவறிதல். ஏழைக்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்ந்து, ஊருக்குச் செய்யக் கடமைப்பட்டதை அறிந்து செய்வது ஒப்புரவு. வள்ளுவர் முதலில் வைத்தது ஒப்புரவை, பிறகுதான் ஈகை. ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகள் எவை? நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகும் மரம். புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஊருணியை விளக்க வேண்டியதில்லை. குடத்தோடு வரும் பெண் ஊருணியில் குனிகிறாள். அது தண்ணீர் மொள்ளக் குனிவது. குளத்தைக் கும்பிடக் குனிவதன்று. மொண்டுகொண்டு நிமிர்ந்து நடக்கிறாள். எந்தக் குளமும் அவளிடம் சால்வை கேட்டதில்லை!

நம் மாவட்டத்து ஆவூரில் 1747-இல் எழுந்த பழம்பெரும் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அந்த ஆவூர்த் திருச்சபையில் பணியாற்றியவர்களுள் ஒருவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து, தமிழில் தோய்ந்து, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த கிறித்துவத் துறவி அவர். ஒப்புரவு முன்னே, ஈகை பின்னே என்ற வரிசை அவர் கண்முன் நின்றிருக்கும். காணிக்கைக்கு முன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று அவர் வேதம் சொல்கிறது. ஈகைக்கு முன் ஒப்புரவு என்று நம் குறள் வரிசை காட்டுகிறது. இரண்டு நூலும் ஒரே சொல்லில் வந்து சந்திக்கின்றன! புதுக்கோட்டைச் சீமைக் கிறித்துவ வணிகருக்கு இதைவிட நெருக்கமான சான்று எங்கிருந்து கொண்டுவருவது?

'சேலையும் நல்லது, ஊதியமும் நல்லது; எந்த வழியில் போனால் என்ன, போய்ச் சேருவது அவளிடம்தானே' என்று கேட்கலாம். அங்கேதான் வேறுபாடு இருக்கிறது. சேலையின் நிறத்தை அண்ணாச்சி தேர்ந்தெடுத்தார். அதே பணம் ஊதியமாக வந்திருந்தால் அந்த அம்மையார் தேர்ந்தெடுத்திருப்பார். ஒருவேளை சேலையே எடுத்திருக்க மாட்டார். மகளின் காய்ச்சலுக்கு நல்ல மருத்துவரிடம் போயிருப்பார். கொடை எப்போது வரும் என்பது கொடுப்பவன் விருப்பம். எவ்வளவு வரும் என்பதும் அவன் விருப்பம். ஊதியம் பெற்றவள் கையெழுத்துப் போடுகிறாள். கொடை பெற்றவள் கும்பிடு போடுகிறாள். தனக்குரியதையே தானமாகப் பெறுபவள், பொருளை மட்டும் இழக்கவில்லை. அது தனக்குரியது என்ற நினைப்பையே இழக்கிறாள். தன்மதிப்பு என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோமே, அது பறிபோவது பெரும்பாலும் அடியால் அன்று, இத்தகைய அன்பளிப்பால்!

இதற்கும் நம் மாவட்டமே சான்று தருகிறது. குடுமியான்மலைப் பக்கம் கல் குவாரிகளில் பெண்கள் குத்தகைதாரரிடம் கொத்தடிமைகள்போல் கல்லுடைத்த காலம் உண்டு. கல்லுடைத்த கைகளுக்குக் காய்ப்பு. குத்தகைக்காரர் கைகளுக்குக் காசு! 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த நாட்களில், குவாரிகள் பலவற்றின் குத்தகை அந்தப் பெண்களின் குழுக்களுக்கே தரப்பட்டது. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் அவர்களுக்கு எழுத்தையும் தந்தது. சைக்கிளையும் கற்றுத் தந்தது. பாவாடை தாவணிப் பெண்களும் சேலை கட்டிய தாய்மார்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் மிதித்துச் சாலையில் வந்த காட்சியை நம் தாய்மார் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். அவர்களுக்கு யாரும் இலவசமாகச் சேலை கொடுத்து எழுப்பவில்லை. அவர்கள் உடைத்த கல்லின் கணக்கை அவர்கள் கையில் கொடுத்தனர். அவ்வளவுதான், அதுவே எல்லாம்!

வணிகர் தரப்பையும் கேட்போம். 'திருச்சியிலிருந்து பெரிய பெரிய கடைகள் வருகின்றன. கைப்பேசியிலேயே துணி வாங்குகிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் உட்கார விடாதபோது நான் மட்டும் விட்டால், சோம்பேறிகள் கடை என்று வாடிக்கையாளர் நினைப்பர்' என்பர். இது வெறும் சாக்கு அன்று. நல்லவன் ஒருவன் மட்டும் நல்லது செய்தால், போட்டியில் அவன் நசுங்கக்கூடும். சட்டம் எதற்கு? அதற்குத்தான்! கேரளம் 2018-இல் வழிகாட்டியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்க்கு இருக்கை தந்தாக வேண்டும் என்று விதித்தது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்பது இப்போது கருணை அன்று, உரிமை. பக்கத்துக் கடைக்காரரும் நாற்காலி போட வேண்டும் என்றால், போட்டி எங்கே கெடுகிறது? 'அங்காடித் தெரு' படம் பார்த்து 2010-இல் கண்ணீர் விட்டோமே, அந்தக் கண்ணீர் உலர்ந்த பின் எத்தனை கடைகளில் ஏறி, நாற்காலி எங்கே என்று கேட்டோம்?

நாம் கேட்கவில்லை! ஒப்புக்கொள்வோம், தோழர்களே. கிறித்துவ வணிகரின் தசமபாகத்தை மட்டும் தராசில் வைத்தால் நம் தராசு கோணல் தராசு. உண்டியலில் கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டு, சமையற்கட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு நூறு ரூபாய் கூட்டித் தர மறுப்பவர் இல்லையா? அவ்வளவு ஏன், பெரியார் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டி, மாநாட்டு நிதிக்கு முதல் ஆளாய் எழுதிவிட்டு, கடைப் பையனை இரவு பதினொன்று வரை நிற்க வைக்கும் தோழரை நாம் கண்டதில்லையா? அவரது நன்கொடை இரசீதை அச்சடித்துக் கொடுத்தது நாம்தானே? கடவுள் உண்டு என்பவன் காணிக்கையால் கணக்கை மறைத்தால் அது குற்றம். கடவுள் இல்லை என்பவன் நன்கொடையால் மறைத்தால் அது குணமா? கணக்கு இருவருக்கும் ஒன்றே.

குறிப்பேடுகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று முதலில் தோன்றியது. கொடுத்தால் நம் மனம் குளிரும். பிள்ளைகள் எதில் எழுதுவார்கள்? அந்த அம்மையாரின் கால்வலி குறையுமா? நம் கையைத் தூய்மையாக வைத்துக்கொள்வது மட்டும் அறமாகிவிடாது. ஆகவே வேறொன்று செய்தோம். அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தோம். அந்த அம்மையாரின் பெயரைக் கூறவில்லை. கூறினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். "அண்ணாச்சி, இந்த ஆண்டு பள்ளிக்குக் குறிப்பேடு வேண்டாம். அந்தப் பணத்தில் கடையில் முக்காலிகள் போடுங்கள். உங்கள் கடையில் நிற்கிறவர்களும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்தான்" என்றோம். நிமிர்ந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "கொடுக்கிறவன்கிட்டயே குறை சொல்ல வந்தீங்களா தம்பி?" என்றார். அதுவரை 'சார்' என்றவர், அன்று முதன்முறையாகத் 'தம்பி' என்றார். கோபமா, உரிமையா, நமக்கு விளங்கவில்லை. சகேயுவின் கதையைச் சொன்னோம். "அது எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

பத்து நாள் கழித்து அந்த மாணவி ஓடிவந்து சொன்னாள்: முதல் மாடியில் ஆறு முக்காலிகள் போட்டிருக்கிறார்களாம். நாற்பது பேருக்கு ஆறு! ஊதியப் பிடித்தம் மாறவில்லை. ஊக்கத்தொகையும் மாறவில்லை. வெற்றி என்று கொண்டாட இதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த அம்மையார் மறுமுறை பள்ளிக்கு வந்தபோது, "அண்ணாச்சி முக்காலி போட்டுக் கொடுத்தார்" என்று கூறவில்லை. "ஆறுதான் போட்டிருக்காங்க சார், இன்னும் முப்பத்துநாலு வேணும்" என்றார். நாற்பதில் ஆறு போனால் மீதி எவ்வளவு என்று அவர் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்!

கொடுங்கள், செல்வர்களே! கொடுப்பதை நாம் தடுக்கவில்லை. புயல் வரும், வெள்ளம் வரும், முன்பின் அறியாதவன் வாசலில் வந்து நிற்பான். கொடைக்கு வேலை என்றும் உண்டு. ஆனால் கோயிலுக்குப் போகுமுன், மாநாட்டுக்குப் போகுமுன், நம் பள்ளியின் மேடைக்கு வருமுன், இரண்டு ஏடுகளையும் அருகருகே விரித்து வையுங்கள். கடனைக் கடனாகத் தீர்த்துவிட்டு, மிஞ்சியதைக் கொடையாகக் கொண்டுவாருங்கள். அப்போது உங்களுக்குப் போர்த்தச் சால்வையோடு நாம் காத்திருப்போம். அதுவரை அந்தச் சால்வை மடித்தபடியே இருக்கட்டும்.